ரொட்டி தின்றவனுக்குப் பெயர் இல்லை

பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. காலை ஏழு மணிக்கு அல்சூரிலிருந்து இரண்டு பஸ் மாறி அங்கே வந்து சேருகிறார் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண். வாசல் கேட்டிலிருந்து ஒன்பதாவது மாடிச் சமையலறைக்குப் போவதற்குள் அவருக்கு ஆறு பெயர்கள் வந்துவிடுகின்றன. செக்யூரிட்டியின் செல்போன் திரையில் அவர் 'மெய்ட்'. கேட்டில் நிற்கும் கன்னடக்காரக் காவலாளிக்கு 'கெலஸதவரு'. கதவைத் திறக்கும் வீட்டு அம்மாவுக்கு 'அக்கா'. அதே அம்மா போனில் சிநேகிதியிடம் அலுத்துக்கொள்ளும்போது 'சர்வன்ட்'. ஸ்கூல் வேனுக்குக் காத்திருக்கும் பையனுக்கு 'ஆன்ட்டி'. ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி மட்டும் பழைய வழக்கத்தை விடாமல் 'வேலைக்காரி' என்கிறார்.

அவரையே கேட்டால், 'வீட்டு வேலைக்குப் போறேன்' என்பார். வினைச்சொல்லோடு சரி. பெயர்ச்சொல் எதையும் அவர் தனக்கென்று எடுத்துக்கொள்வதில்லை.

ஒரே வேலைக்கு ஏன் இத்தனை பெயர்கள்? பழைய பெயர் கொஞ்ச காலத்தில் அழுக்கேறிவிடுகிறது. அப்போது புதிதாக ஒன்று தேவைப்படுகிறது. சொல்லை மாற்றிவிட்டால் சங்கடம் தீர்ந்துவிடும் என்று எஜமானர்கள் நினைக்கிறார்கள். இந்த நினைப்பு பெங்களூரில் தோன்றியதல்ல. 'மெய்ட்', 'சர்வன்ட்' ஆகிய சொற்கள் வந்த இங்கிலாந்தில் அதற்கு ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது.

ஆங்கிலத்தில் 'லார்டு' என்றால் பிரபு. கடவுளையும் அப்படித்தான் அழைக்கிறார்கள். நம் உயர் நீதிமன்றங்களில் வக்கீல்கள் 'மை லார்டு' என்று குனிவதும் இந்தச் சொல்லுக்குத்தான். பழைய ஆங்கிலத்தில் இதன் வடிவம் 'ஹ்லாஃப்வேர்டு'. ரொட்டியைக் காப்பவன் என்று பொருள். 'லேடி' என்பது 'ஹ்லாஃப்டிகெ', அதாவது ரொட்டிக்கு மாவு பிசைபவள். அந்த வீட்டு ரொட்டியைத் தின்று அங்கேயே உழைத்துக் கிடந்தவனுக்கும் ஒரு பெயர் இருந்தது: 'ஹ்லாஃப்ஏட்டா', ரொட்டி தின்பவன். கென்ட் நாட்டை ஆண்ட ஏத்தல்பெர்ட்டின் சட்டத் தொகுப்பில், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அவனுக்கு ஒரு விலை போட்டிருக்கிறார்கள். ஒரு குடியானவனின் 'ரொட்டி தின்பவனை' யாராவது கொன்றுவிட்டால் நஷ்டஈடு ஆறு ஷில்லிங்.

காத்தவன் பிரபுவானான். பிசைந்தவள் சீமாட்டியானாள். தின்றவனின் பெயர் மட்டும் பேச்சு வழக்கிலிருந்தே காணாமல் போய்விட்டது. செஞ்சோற்றுக் கடன் என்ற சொல்லோடு வளர்ந்த தமிழர்களுக்கு இதன் உள்ளர்த்தம் உடனே புரியும். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறது பழமொழி. அந்த உப்புக்கும் சோற்றுக்கும் அடுப்படியில் நின்றவரை நினைக்கும்படி அது யாரையும் கேட்பதில்லை.

எல்லா வேலைக்காரச் சொற்களும் இப்படி மறைந்துவிடவில்லை. சில உச்சாணிக் கொம்புக்கு ஏறியிருக்கின்றன. 'நைட்' என்பது இன்று 'சர்' பட்டத்தோடு வரும் கௌரவம். அதன் பழைய வடிவமான 'க்னிஹ்ட்'டுக்குப் பையன், எடுபிடி என்றே பொருள். எஜமானனோடு குதிரையேறி யுத்தத்துக்குப் போனதால் அவன் வீரனானான். போகாத ஜெர்மானியச் சகோதரன் 'க்னெக்ட்' இன்றைக்கும் பண்ணையாள்தான். 'நேவ்' என்ற சொல்லுக்கும் முதலில் பையன் என்றுதான் அர்த்தம். அவன் வீட்டு எடுபிடியாகவே நின்றுபோனான். அதனால் இன்று அந்தச் சொல்லுக்குப் பொருள், அயோக்கியன்.

குதிரை லாயத்துக்குப் போனால் இன்னும் வேடிக்கை. 'மார்ஷல்' என்பதன் மூலம் குதிரை வேலைக்காரன். 'கான்ஸ்டபிள்' என்பது லத்தீனில் லாயத்துக்குப் பொறுப்பான அதிகாரி. ஆரம்பத்தில் கான்ஸ்டபிள்தான் பெரியவர். பிரான்ஸில் அரசனின் சேனைக்கே தலைவராக இருந்தவர் அவர். இன்று குடகுக்காரரான கரியப்பா 1986ல் பெற்ற ஃபீல்டு மார்ஷல் பட்டம் ராணுவத்தின் சிகரம். கான்ஸ்டபிளோ போலீஸில் கடைசிப் படி. 'ஸ்டூவர்ட்' என்பவன் மாளிகைக் கூடத்தின் காவலாள். ஸ்காட்லாந்து அரசனின் ஸ்டூவர்டாகப் பரம்பரையாக இருந்த குடும்பம் 1371ல் அரச குடும்பமாகவே ஆகி, வேலையின் பெயரையே வம்சப் பெயராக வைத்துக்கொண்டது. இன்று ஸ்டூவர்டு என்றால் விமானத்தில் காபி கொண்டுவருபவர்.

ஏறியதற்கும் இறங்கியதற்கும் வேலையின் கஷ்டம் காரணமில்லை. அரசனின் குதிரைக்கும் கஜானாவுக்கும் படுக்கையறைக்கும் எவ்வளவு பக்கத்தில் நின்றான் என்பதுதான் கணக்கு. அடுப்படியிலும் கிணற்றடியிலும் நின்றவர்கள் ஏறவில்லை.

இந்த இங்கிலீஷ் சொற்களில் பல, 1809ல் பிரிட்டிஷ் படை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து இடம் மாறியபோது பெங்களூரில் வந்து இறங்கின. கன்டோன்மென்ட் உருவானது. மெட்ராஸ் ராணுவத்தின் பின்னாலேயே தமிழ் பேசும் சமையல்காரர்களும் டோபிகளும் குதிரைக்காரர்களும் வந்து, அல்சூரிலும் பிளாக்பள்ளியிலும் (இன்றைய சிவாஜிநகர்) குடியேறினார்கள். பேட்டை என்ற பழைய நகரமும் கன்டோன்மென்ட்டும் 1949ல் ஒரே மாநகராட்சியாக இணையும்வரை தனித்தனி நிர்வாகங்கள். தனித்தனி உலகங்கள் என்றும் சொல்லலாம்.

இங்கே மத்தியகால மாளிகை மறுபடியும் உயிர்பெற்றது. 'பட்லர்' என்பவன் மூலத்தில் பாட்டில்காரன், பிரபுவின் ஒயினைக் கவனித்தவன். அயர்லாந்தில் அந்தப் பதவியை வகித்த குடும்பம் பட்லர் என்ற பெயரோடு பெரும் பிரபு வம்சமானது. கன்டோன்மென்ட்டில் பட்லர் என்றால் தலைப்பாகை கட்டிய தமிழர். மார்க்கெட்டுக்குப் போவது, கணக்கு எழுதுவது, மற்ற ஆட்களை மேய்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. 1886ல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்ற ஆங்கிலோ-இந்திய அகராதி, மெட்ராஸ், பம்பாய் மாகாணங்களில் தலைமை வேலைக்காரருக்கு இதுவே பெயர் என்று பதிவு செய்கிறது. அவர் பேசிய ஆங்கிலத்துக்கு 'பட்லர் இங்கிலீஷ்' என்று கேலியாக ஒரு பெயரும் தருகிறது. அவரிடம் துரைகள் பேசிய தமிழுக்கு அந்த அகராதி பெயர் எதுவும் வைக்கவில்லை.

பட்லருக்குக் கீழே ஒரு படையே இருந்தது. பாத்திரம் துலக்கும் 'மேட்டி', துணி எடுத்து வைக்கும் 'டிரெஸ்ஸிங் பாய்', குதிரைக்கு 'சைஸ்', குழந்தைக்கு 'ஆயா'. 1896ல் பெங்களூர் வந்த வின்ஸ்டன் சர்ச்சில் என்ற இளம் குதிரைப்படை அதிகாரி, துணிமணி, குதிரை, பணம் மூன்றையும் மூன்று வேலைக்காரர்களிடம் ஒப்படைத்துவிட்டால் அதற்குப் பிறகு கவலையே இல்லை என்று பின்னாளில் தன் சுயசரிதையில் நினைவுகூர்ந்தார். பெங்களூர் கிளப் கணக்குப் புத்தகத்தில் அவர் பெயரில் 13 ரூபாய் பாக்கி இருப்பது ஊருக்கெல்லாம் தெரியும். அவருடைய பட்லரின் பெயர் ஊருக்குத் தெரியாது. 'பாய்' என்ற சொல்லின் கதையும் இதே ரகம்தான். தலை நரைத்து, பேரன் எடுத்த பிறகும் துரை வீட்டில் அவர் 'பாய்'தான். ஆயிரம் ஆண்டுக்கு முன் 'நேவ்' இருந்த இடத்தில் புதுப் பையன் ஒருவன் வந்து நின்றான், அவ்வளவே.

ஒயிட்ஃபீல்டுக்கு வேலைக்கு வரும் பெண்ணின் தாத்தா, அப்படி ஒரு துரை வீட்டில் மேட்டியாக இருந்தவர். அவருடைய அம்மா ஆயா. அந்தச் சொல் போர்ச்சுக்கீசிய மொழியின் 'அயா'விலிருந்து வந்தது. அதற்கும் மூலம், லத்தீனில் பாட்டி என்று பொருள்படும் ஒரு சொல். தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் பாட்டியை ஆயா என்று கூப்பிடுபவர்களுக்கு இது ஒரு இனிய தற்செயல். ஆயாவின் மகள் இப்போது மெய்ட். மூன்று தலைமுறைக்கு மூன்று சொற்கள். துலக்கும் பாத்திரம்தான் பித்தளையிலிருந்து நான்ஸ்டிக்குக்கு மாறியிருக்கிறது.

கன்டோன்மென்ட் பக்கத்திலிருந்து கப்பன் பார்க் ஓரமாக வந்தால் விதான சௌதா. 1956ல் கட்டி முடிக்கப்பட்ட அந்த மாபெரும் கட்டடத்தின் நெற்றியில், அரசாங்க வேலை தேவரின் வேலை என்று கன்னடத்தில் பொறித்திருக்கிறார்கள். வேலைக்காரச் சொற்களின் ஏற்ற இறக்கத்துக்கு இதைவிட நல்ல மியூசியம் கிடையாது. உள்ளே இருக்கும் மந்திரியை ஆங்கிலத்தில் 'மினிஸ்டர்' என்கிறோம். லத்தீனில் அதற்கு ஏவலாள், சிறியவன் என்று பொருள். அதற்கு எதிர்ச்சொல் 'மாஜிஸ்டர்', பெரியவன், எஜமானன். இந்த மாஜிஸ்டர்தான் போர்ச்சுக்கீசியர் வழியாக வந்து நம் ஊரில் 'மேஸ்திரி' ஆனார். சின்னவர் கொடி கட்டிய காரில் போகிறார். பெரியவர் வெயிலில் நின்று செங்கல் எண்ணுகிறார்.

மந்திரியின் அறை வாசலில் வெள்ளை உடுப்பும் தலைப்பாகையுமாக நிற்பவர் 'டபேதார்'. ராணுவத்தில் இது குதிரைப்படை ஹவில்தாருக்குச் சமமான பதவி. ஃபைல் தூக்கிக்கொண்டு போகும் 'பியூன்' போர்ச்சுக்கீசிய மொழியில் காலாட்படை வீரன். சதுரங்கத்தில் முன்வரிசையில் வெட்டுப்படும் சிப்பாய்க்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரும் இவருக்கு ஒன்றுவிட்ட சகோதரன். கன்னடத்தில் பியூனை 'ஜவான' என்கிறார்கள். எல்லையில் நின்றால் தேசமே வணங்கும் ஜவான், கர்நாடக ஆபீஸில் டீ வாங்கப் போகிறவர். குதிரை லாயத்து மார்ஷலும் இங்கே உண்டு. சபையில் ரகளை செய்யும் எம்.எல்.ஏ.க்களை வெளியே தூக்கிச் செல்வது அவர் வேலை. 2020ல், கொரோனா காலத்தில், முகக்கவசம் போடாதவர்களிடம் தெருவில் அபராதம் வசூலித்த மாநகராட்சி ஆட்களுக்கும் அதே பெயர்தான். சமாதானம் வந்து வேலை இல்லாமல் போன சிப்பாய்களை அலுவலகங்கள் ஏவலுக்கு வைத்துக்கொண்டன. உடுப்பும் பட்டமும் கூடவே வந்தன. அதிகாரம் மட்டும் வரவில்லை.

தமிழும் கன்னடமும் இந்த விளையாட்டில் இளைத்தவை அல்ல. 'ஆள்' என்ற சொல் இரண்டு மொழியிலும் இரண்டு பக்கமும் பேசும். ஆளுவதும் அதுதான், கூலிக்கு வரும் ஆளும் அதுதான். 'ஊழியம்' ஒரு காலத்தில் சம்பளமில்லாத கட்டாய வேலை. கன்னடத்தில் நிலப்பிரபுத்துவ முறைக்கே 'ஊளிகமான்ய' முறை என்று பெயர். இன்று 'அரசு ஊழியர்' என்றால் கல்யாணச் சந்தையில் மதிப்பு வேறு. கிறிஸ்தவச் சபைகளில் ஊழியம் என்பது போதகரின் புனிதப் பணி. சோழர் கல்வெட்டுகளில் வரும் 'வேளைக்காரர்', அரசனுக்காக உயிரையும் கொடுக்கச் சபதம் செய்த படையினர். இன்றைய வேலைக்காரருக்கும் அவருக்கும் எழுத்தில் ஒரு ளகர வித்தியாசம். மரியாதையில் உள்ள வித்தியாசத்தை அளக்கவே முடியாது. பெங்களூர் என்ற பெயர் வரும் மிகப் பழைய கல்வெட்டும், ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பேகூரில் நடப்பட்ட ஒரு வீரக்கல்தான். நாகத்தரன் என்ற தலைவனின் வீட்டைச் சேர்ந்தவர் பெங்களூர்ப் போரில் மாண்டதை அது சொல்கிறது. ஊரின் பெயரே ஒரு விசுவாசத்தின் நினைவாக எழுதப்பட்டதுதான்.

எல்லாவற்றையும்விட விசித்திரமானது 'அடி' என்ற சிறு சொல். இறைவனின் அடியில் இருந்தால் அடியார். துறவியானால் அடிகள். பணிவோடு தன்னைச் சொன்னால் அடியேன். விலைக்கு விற்கப்பட்டால் அடிமை. அரசியல்வாதியின் காரில் பின்னால் உட்கார்ந்து வந்தால் அடியாள். காலடி ஒன்றுதான். யாருடைய கால் என்பதைப் பொறுத்து மரியாதை மாறுகிறது.

பெண்களின் விஷயத்தில் இந்தச் சொற்கள் இன்னும் கொடூரமாக நடந்துகொள்கின்றன. குதிரைக்காரன் மார்ஷல் ஆகிறான். ஆனால் 'ஹவுஸ்வைஃப்' என்ற இல்லத்தரசி, காலப்போக்கில் சுருங்கி 'ஹஸ்ஸி' என்ற ஆங்கில வசையாகிறாள். ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோவிலுக்கு நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைக் கொண்டுவந்தபோது, ஒவ்வொருவரின் பெயரையும் அவர்களுக்குத் தரப்பட்ட வீட்டையும் ஆண்டுக்கு நூறு கலம் நெல்லையும் கல்லில் வெட்டிவைத்தான். கோவிலுக்குப் பணி செய்த பெண்களைக் குறித்த 'தேவரடியார்' என்ற கௌரவமான சொல்லை இன்று தெருச்சண்டையில் எந்த வடிவத்தில் கேட்கிறோம் என்பதை அச்சில் போட முடியாது. ஆணுக்கு 'அடியார்' என்ற சொல் கோவிலுக்குள் பத்திரமாக இருக்க, பெண்ணுக்கு அதே சொல் வீதிக்கு இழுத்துவரப்பட்டது.

சொல்லை மாற்றிப் பார்த்தவர்கள் உண்டு. சுதந்திரம் பெற்ற அமெரிக்காவில் வெள்ளையர்கள் 'சர்வன்ட்' என்று அழைக்கப்பட மறுத்தார்கள். அந்தப் பெயர் அடிமைகளுக்கு உரியது என்றார்கள். அதனால் 'ஹெல்ப்' என்ற சொல் வந்தது. 'மாஸ்டர்' என்று எஜமானனைக் கூப்பிடப் பிடிக்காமல் டச்சு மொழியிலிருந்து 'பாஸ்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டார்கள். டச்சிலும் அதற்கு எஜமானன் என்றுதான் அர்த்தம். பெங்களூர் வீடுகள் இப்போது அந்த 'ஹெல்ப்'பை அவிழ்த்து உடுத்துகின்றன. 'எங்க வீட்ல அவங்க ஃபேமிலி மெம்பர் மாதிரி' என்ற வாக்கியமும் அடிக்கடி காதில் விழுகிறது. சொல்பவர்கள் மனதாரத்தான் சொல்கிறார்கள். ஆனால் லத்தீனில் 'ஃபமிலியா' என்ற சொல் 'ஃபமுலுஸ்' என்பதிலிருந்து வந்தது. ஃபமுலுஸ் என்றால் வேலைக்காரன். ஃபமிலியா என்று முதலில் குறித்தது ஒரு வீட்டுக்குச் சொந்தமான அடிமைகளின் கூட்டத்தை. அந்த அர்த்தத்தில் பார்த்தால் வாக்கியம் மிகச் சரி.

அல்சூர்ப் பெண்ணின் மகள் ஒரு நட்சத்திர ஹோட்டலில் வேலை பார்க்கிறார். பெட்ஷீட் மாற்றுவது, பாத்ரூம் கழுவுவது, தரை துடைப்பது. அம்மா செய்யும் அதே வேலைதான். சட்டையில் குத்திய அட்டையில் 'ஹவுஸ்கீப்பிங் அசோசியேட்' என்று போட்டிருக்கிறது. அம்மாவுக்கு அந்தப் பெயரைச் சரியாக உச்சரிக்க வராது. ஆனால் அந்தப் பெயரோடு மகளுக்கு என்னென்ன வந்தன என்று விரல்விட்டுச் சொல்வார்: பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., வாரத்தில் ஒரு நாள் லீவு, எட்டு மணி நேரத்துக்கு மேல் நின்றால் கூடுதல் பணம். அம்மா ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். 'அக்கா' என்று பாசமாக அழைத்துக்கொண்டேதான் பிடிப்பார்கள். மகளின் பெயர் அழகாக இருப்பதால் இந்த வித்தியாசம் வரவில்லை. அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு சட்டம் நிற்பதால் வந்தது.

வீட்டு வேலைக்கும் அப்படி ஒரு பெயரைப் பெற்றுத்தரப் போராடியவர்கள் இதே பெங்களூரில் இருந்தார்கள். சென்னையில் பிறந்து இந்த நகரத்தில் வேரூன்றிய ரூத் மனோரமா 1980களில் 'விமன்ஸ் வாய்ஸ்' அமைப்பின் மூலம் வீட்டு வேலை செய்யும் பெண்களைத் திரட்டினார். 2004ல் கர்நாடக அரசு வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலியை அறிவித்தது. நாட்டில் முதலில் அப்படிச் செய்த மாநிலங்களில் ஒன்று கர்நாடகம். 2006ல் மனோரமாவுக்கு 'ரைட் லைவ்லிஹுட்' விருது கிடைத்தது. தமிழ்நாடு 2007ல் வீட்டுப் பணியாளர்களுக்கு நல வாரியம் அமைத்தது. 2011 ஜூன் 16 அன்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு இவர்களுக்கென்று தனி ஒப்பந்தத்தை நிறைவேற்றியது. இந்தியா அதற்கு ஆதரவாக ஓட்டுப் போட்டது. ஆனால் ஒப்பந்தத்தை ஏற்று உறுதி செய்யவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், வீட்டுப் பணியாளர்களுக்கு ஒரு சட்டம் தேவையா என்று ஆராயக் குழு அமைக்கும்படி மத்திய அரசிடம் கூறியது.

அரசாங்க வேலை தேவரின் வேலை என்று கல்லில் பொறித்த ஊர், வீட்டு வேலையும் வேலைதான் என்று காகிதத்தில் எழுதுவதற்கு அதன் பிறகு 48 ஆண்டுகள் ஆயின. காகிதத்தில் எழுதியது சமையலறைக்குள் இன்னும் முழுசாக வந்து சேரவில்லை. தொழிற்சாலை வாசலில் இன்ஸ்பெக்டரின் ஜீப் நிற்கும். ஒன்பதாவது மாடி ஃபிளாட்டின் காலிங் பெல்லை அவர் அழுத்துவது அபூர்வம். ஆனாலும் அந்த அறிவிப்பு ஒரு காரியத்தைச் செய்தது. மேட்டி, ஆயா, மெய்ட், ஹெல்ப், அக்கா என்ற நீண்ட வரிசையில் 'தொழிலாளி' என்ற சொல்லையும் கொண்டுவந்து சேர்த்தது. மற்ற பெயர்கள் எல்லாம் எஜமானர்கள் கூப்பிடுவதற்காக ஏற்பட்டவை. இது ஒன்றுதான், கூப்பிடப்படுகிறவர் கணக்குக் கேட்பதற்காக ஏற்பட்டது.